பயந்து பழகியவர்

"காலைல எட்டு மணிக்கு நான் சாப்ட்டேன். இப்ப மணி பன்னெண்டரை. உசுரோடதான் இருக்கேன். வாங்க, உக்காருங்க."

கதவைத் திறந்ததும் மாஸ்டர் இதைத்தான் சொல்வார், தினமும். சாப்பிட வந்தவர்களை இப்படி வரவேற்கிற கடையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? முதல் தடவை கேட்டபோது, மாதாவே, இதென்ன சகுனம் என்று படியிறங்கப் பார்த்தேன். பின்னால் நின்ற இரண்டு பேங்க் பெண்கள் சிரித்துக்கொண்டே என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

நாகல் நகரில், ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தச் சுஷிக் கடை. போர்டு கிடையாது. வாசலில் ஒரு நீலத் துணி தொங்கும். உள்ளே ஒரு நீளமான வேப்பம்பலகை, அதன் முன்னால் ஆறு ஸ்டூல், பலகைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர். மெனு என்று ஒன்றும் இல்லை. சோற்றைப் பிடித்து மேலே பச்சை மீன் துண்டு வைத்துத் தருவார், நானூறு ரூபாய்க்குப் பத்து உருண்டை. என்ன வைக்க வேண்டும், எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஜப்பானில் இதற்கு ஓமகாசே என்று பெயராம். 'உங்ககிட்ட விட்டுட்டேன்'னு அர்த்தம் என்று அவரே சொன்னார். சொல்லும்போது ஏதோ கடன்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி முகம் சுருங்கிப் போனது.

மாஸ்டருக்கு எரியோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். சிங்கப்பூரில் ஒரு சின்ன ஜப்பான் கடையில் பதினோரு வருஷம் நின்றிருக்கிறார். வயது ஐம்பது இருக்கும். கட்டையான ஆள், முன்நெற்றியில் முடி இல்லை. விரல்கள் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் மெலிந்து நீளமாக இருக்கும். பெயர் எனக்குத் தெரியும். பார்சல் ரசீதில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். அவர் பெயரை எங்கும் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

நான் ஒரு பார்சல் சர்வீஸில் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். அவருக்குத் தூத்துக்குடியிலிருந்து வாரம் இரண்டு நாள் தெர்மோகோல் பெட்டியில் மீன் வரும். வண்டி வருவதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நடந்துகொண்டிருப்பார். பெட்டி இறங்கியதும் எடை மிஷின் மேலேயே வைத்து டேப்பைக் கிழிப்பார். ஐஸ் தண்ணீர் என் ரெஜிஸ்டர் வரைக்கும் ஓடிவரும். நான் கத்துவேன். அவர் காதில் விழாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சதையை விரலால் அமுக்குவார்.

"திருப்பி அனுப்புங்க தங்கச்சி."

"நல்லாத்தானே இருக்கு மாஸ்டர்? எங்க வீட்ல இதை வெட்டிக் குழம்பு வச்சா தெருவே வந்து நிக்கும்."

"குழம்பு வச்சா நெருப்பு பாத்துக்கும். என் கடையில நான்ல பாக்கணும்? இங்க அமுக்குங்க. குழி அப்படியே நிக்குது பாருங்க. வர்ற வழியில எங்கயோ ஐஸ் உருகிப்போய்க் கெடந்துருக்கு."

நல்ல மீனையும் அவர் அன்றைக்கே போட மாட்டார். ஒரு வாரம் ஆழ்குளிரில் போட்டு வைத்து, பூச்சி புழு எதுவும் இருந்தால் செத்த பிறகுதான் வெளியே எடுப்பார். எடுத்த அன்று காலையில் எட்டு மணிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டையைத் தானே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். தன் வயிற்றைத் தானே வேவு பார்ப்பார். கடை மதியம் மட்டும்தான். ராத்திரி ஏன் திறப்பதில்லை என்று கேட்டதற்கு, "ராத்திரி எவனுக்காச்சும் ஒண்ணுன்னா டாக்டரை எங்க போயித் தேடுறது?" என்றார். கடை நடக்கிற நேரம் முழுக்கக் கீழே ஒரு ஆட்டோ நிற்கும். சவாரிக்கு இல்லை. சும்மா நிற்பதற்கே அவர் வாடகை கொடுத்துவந்தார். இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி உண்டா என்று நான் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி அந்தத் தெருவில் ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன், மாஸ்டர் குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நின்று ஃப்ரீசர் மீன் முழுவதையும் கொட்டி, அதன் மேல் ஃபினாயிலை ஊற்றிக்கொண்டிருக்கிறார். "ஏன் மாஸ்டர் ஃபினாயிலு?" என்றேன். "எவனாச்சும் எடுத்துட்டுப் போயித் தின்னுட்டா?" என்றார். கண் சிவந்திருந்தது. விடிய விடிய ஃப்ரீசர் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடையில் உட்கார ஒரு பழக்கம் வர வேண்டியிருந்தது. "தொட்டுக்க வெஞ்சனம் எதுவும் கெடையாதா?" என்று கேட்டவர் உண்டு. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் நாலு உருண்டையைக் கர்சீப்பில் சுற்றப் பார்த்தார், வீட்டுக்காரிக்காம். மாஸ்டர் பலகைக்கு மேலே எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார். "பார்சல் கெடையாது சார். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நாளைக்குக் காசில்லாம செஞ்சு தாரேன். என் கண்ணு முன்னாடி சாப்பிடணும்." அவர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் மனைவியோடு வந்தார் என்பது வேறு கதை.

கண் முன்னால் என்றால் நிஜமாகவே கண் முன்னால். ஒரு உருண்டையை வைத்துவிட்டு நம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். அது இறங்கினதைப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குக் கையை நனைப்பார். முதலில் கூச்சமாக இருக்கும். நாலாவது உருண்டைக்குள் அது பழகிவிடும். எனக்கு அது பிடிக்கவும் செய்தது. நான் சாப்பிட்டேனா இல்லையா என்று அப்படி ஒரு ஆள் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

இதற்கெல்லாம் முன்னால் வாசலிலேயே ஒரு கேள்வி உண்டு. "என்ன சேராது உங்களுக்கு?" ஒவ்வொருவரிடமும் கேட்பார். நேற்று வந்தவரிடம் இன்றைக்கும் கேட்பார். கேட்டதை ஒரு சிலேட்டில் ஸ்டூல் வாரியாக எழுதிக்கொள்வார். கத்திரிக்காய் அரிக்கும், கணவாய் ஆகாது, தயிர் சளி பிடிக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் "கல்லைத் தின்னாலும் செரிக்கும் மாஸ்டர்" என்பேன். அதையும் எழுதுவார். அப்புறம் ஒரு சட்டம். அடுத்தவர் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஒரு காலேஜ் பையன் தன் உருண்டையைப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஊட்டப் போனபோது நடுவில் கையை நீட்டினார். "அப்பு, அவங்களுக்கு நான் தனியா செஞ்சு தாரேன். இது உனக்குச் செஞ்சது." பையனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஊட்டிவிடாமல் என்ன சாப்பாடு என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

"எதுக்கு மாஸ்டர் இம்புட்டுப் பயம்?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். பலகையைத் துடைத்துக்கொண்டே, "சிங்கப்பூர்ல ஒரு நாள் ஒருத்தர்கிட்ட கேக்காம விட்டுட்டேன் தங்கச்சி" என்றார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இனி அமலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமலி என் வீட்டுக்காரரின் தங்கை. என் மகன் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு நான் விடியற்காலையில் எழுந்து இரண்டு கிலோ இறால் உரித்து, கை வெந்து, தொக்கு வைத்தேன். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அவள் தட்டை நகர்த்தி, "எனக்கு எறா சேராது மதினி" என்றாள். சேராதாம்! சின்ன வயசில் சட்டியை வழித்துத் தின்றவள் என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஆகிவிட்டதாம். நம் குடும்பங்களில் ஒருத்தி உங்கள் வீட்டில் சாப்பிட விரும்பவில்லை என்றால் வேறு என்ன சொல்வாள்? நானும் பதிலுக்குச் சொன்னேன். சொல்லக் கூடாததையும் சேர்த்துச் சொன்னேன். நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் நின்று தேய்ந்துபோனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்காரர், "அமலியும் வாரா. மூணு பேரும் உன் சப்பான் கடைக்குப் போவோம். எனக்காக" என்றார். சரி என்றேன்.

வாசலில் மாஸ்டர் அமலியிடம் கேட்டார். "எறா, நண்டு. மூஞ்சி வீங்கிரும், மூச்சு இழுக்கும்" என்றாள். மாஸ்டர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்படின்னா இன்னைக்கு எறாவே எடுக்கலை. யாருக்குமே கெடையாது."

"என்ன மாஸ்டர், எனக்கு வேணும்" என்றேன் நான், அண்ணனும் தங்கையும் உள்ளே போனதும். "எங்க கல்யாண நாளு. அந்த எறா போட்ட முட்டைக்காகத்தானே வந்தேன்?"

அவர் என்னைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். "வேணாம் தங்கச்சி" என்றார். நான் விடவில்லை. ஒருத்திக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். வாராவாரம் வருகிறவள், வண்டி வரும் நேரத்தைப் போன் பண்ணிச் சொல்கிறவள். என் முகத்துக்காக அவர் இறங்கிவந்தார். அவர் இறங்கிவந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு பலகை எடுத்தார். வேறு கத்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். அமலி எனக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் மூன்று காலேஜ் பிள்ளைகள். ஏழாவதாக முட்டை வந்தது. இறாலை அரைத்துக் கலந்து, மெதுவாக வேகவைத்து, கனமாக வெட்டிய முட்டை. அமலிக்கு மட்டும் இறால் போடாமல் தனியாக. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என் முன்னால் வைக்கும்போது மாஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இதுல எறா இருக்கு. பத்திரம்." அமலி அந்நேரம் அண்ணனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நன்றாகக் கேட்டது. அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

மாஸ்டர் குழாய்ப் பக்கம் திரும்பினார். நான் என் முட்டையை எடுத்தேன். "இந்தா அமலி, என் கையால ஒரு வாய்."

"இது என்ன மதினி?"

"முட்டைதான்."

அவளைக் கொல்லும் எண்ணம் எனக்கு ஒரு துளியும் இல்லை. ஆண்டவர் அறிய இல்லை. அவள் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போகிற வழியில், "எறா தின்னியே, இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். நாலு வருஷமாக எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அவள் என் கண்ணையே பார்த்தபடி வாயைத் திறந்தாள். வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாஸ்டர் திரும்பினார். என் தட்டைப் பார்த்தார், அமலியின் தொண்டையைப் பார்த்தார். அவளுடைய முட்டை அவள் தட்டில் அப்படியே இருந்தது.

"உங்களது எங்க தங்கச்சி?"

"சாப்ட்டேன்" என்றேன்.

அதற்குள் அமலி கழுத்தைச் சொறிய ஆரம்பித்திருந்தாள். உதடு தடித்தது. இருமினாள். அந்த இருமலில் ஒரு விசில் சத்தம் இருந்தது. அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மாஸ்டர் பலகையைத் தாண்டிக் குதித்தார். ஐம்பது வயசு ஆள், அந்த உடம்போடு குதித்தார். அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நாங்கள் கீழே வருவதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் அருள்நிறை மரியே சொன்னேன். பாதியிலேயே ஜெபம் மறந்து மறந்து போனது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னாள். வராந்தாவில் வீட்டுக்காரர் மாஸ்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாளேடா! என் தங்கச்சியைக் கொல்லப் பாத்தியா?"

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்கு முன்னால் மாஸ்டர் பேசிவிட்டார்.

"தப்பு எம்மேலதான் சார். பலகை மாறிப்போச்சு."

சட்டைப் பட்டன் இரண்டு தெறித்தது. அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். எப்போதும் பயந்து சாகிற மனிதர் அன்றைக்குக் கல் மாதிரி நின்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். திரும்பத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? தெருவில், ஆபீஸில், சர்ச்சில், போனில் என்று எல்லா இடத்திலும் சொன்னார். மாஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை அந்தக் காலேஜ் பிள்ளைகளில் ஒன்று எடுத்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது. நீலத் துணிக்குப் பின்னால் ஆறு ஸ்டூலும் காலியாகக் கிடந்தன. அப்போதும் தினமும் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று ஆட்டோக்காரர் சொன்னார். ஒரு மாதத்தில் துணியை அவிழ்த்துவிட்டார்.

அவர் நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிட்ட கடைசிப் பெட்டி ஒன்று என் கவுண்டருக்கு வந்தது. வந்து எடை மிஷின் மேல் வைத்துப் பிரித்தார். செவுளைப் பார்த்தார், அமுக்கினார். கடையே இல்லாத மனிதர்!

"நல்ல மீனு தங்கச்சி. நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. பயப்படாதீங்க, எறா இல்ல."

குத்திக்காட்டினாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. குத்திக்காட்ட அவருக்குத் தெரியாது. நிஜமாகவே எனக்குத் தைரியம் சொல்கிறார். நான் அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியில ஏன் மாஸ்டர் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"உங்களுக்குப் புதுசு. தாங்க மாட்டீங்க" என்றார். "நான் பயந்து பழகுனவன்."

ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கொச்சியில் ஏதோ ஹோட்டலில் இருப்பதாக ஒருவர் சொன்னார், திருப்பூரில் என்று இன்னொருவர். ரசீதிலிருந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது.

இந்த மூன்று வருஷமும் எனக்குச் சோறு சோறாக இறங்கியதில்லை. வீட்டில் யார் எதைத் தின்றாலும் தொண்டையைப் பார்க்கிறேன். அமலி இருமினால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அவளோ முன்னைவிட அதிகமாக வந்து போகிறாள், மதினி மதினி என்று காலைச் சுற்றுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எச்சரித்தது, நான் எடுத்தது, முட்டைதான் என்று சொன்னது. முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"தெரியும் மதினி" என்றாள். "பல்லு பட்டதுமே தெரிஞ்சுருச்சு."

"அடிப் பாவி, துப்ப வேண்டியதுதானே!"

"நாலு வருசம் கழிச்சு ஊட்டுறீங்க. அண்ணன் கண்ணு கலங்கிப்போயிப் பாத்துக்கிட்டு இருக்கு. எப்படித் துப்புறது? கொஞ்சமா அரிக்கும், மாத்திரை போட்டுக்கலாம்னு முழுங்கிட்டேன்." அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அந்த மாஸ்டருக்கும் தெரியும். ஆட்டோவுல கேட்டாரு, மதினி குடுத்தாங்களான்னு. நான் அவர் கையைப் புடிச்சுக்கிட்டேன். பேச்சு வரலை. அண்ணன்கிட்ட வேணாம், வேணாம்னு தலையை ஆட்டுனேன். அவர் சரின்னாரு. கடையை மூடுவாருன்னு நான் நெனைக்கலை மதினி."

ஆக, இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு ஒரு கடை போயிருக்கிறது. மூன்று வருஷமாக ஊர் அவரை ஏசிக்கொண்டிருக்கிறது. நான் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணன் வரட்டும். இன்னைக்குச் சொல்லிடப் போறேன்" என்றேன்.

அமலி வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் கை கழுவப் பின்பக்கம் போனார். நான் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தேன். கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபது வருஷம் ஆகிறது. அமலிக்கு எத்தனை முறை பரிமாறியிருப்பேன்! ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை.

"அமலி, உனக்கு என்ன சேராது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எறா, நண்டு. அம்புட்டுதான் மதினி" என்றாள். "மத்ததெல்லாம் வைங்க, சாப்டுறேன்."